வறட்சி வந்தால் சண்டை வருமா? சுங்கை மூடாவிலிருந்து சிரியா வரை

பிறைக்காரன் (பிறை, பினாங்கு) | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மகள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் போவதற்கு முன் எழுதுகிற தேர்வு) படிக்கிறாள். பள்ளியில் கட்டுரைத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்: பருவநிலை மாற்றமும் உலக அமைதியும். இணையத்தில் எங்கே தேடினாலும் சிரியா கதைதான் வருகிறது. 2006 முதல் 2010 வரை கடும் வறட்சி, வடகிழக்கில் கோதுமை கருகியது, ஆடுகள் செத்தன, ஊரைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் நகரத்துக்கு வந்தார்கள், 2011 மார்ச்சில் தாராவில் கலகம் வெடித்தது, ஆகவே வெப்பம் கூடியதால்தான் போர். கேட்க ரொம்ப நேராக இருக்கிறது. அவ்வளவு நேராக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொரு பக்கம் நம்ம வீட்டுக் குழாய். கெடாவுக்கும் பினாங்குக்கும் சுங்கை மூடா ஆற்றை வைத்து நடக்கும் தண்ணீர்ச் சண்டை பத்திரிகையில் ஓய்வதே இல்லை. மழை இன்னும் குறைந்தால் இது எங்கே போய் நிற்கும்?

சரித்திரம் தெரிந்தவர்கள், தண்ணீர் வேலையில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். மகளுக்காகக் கேட்கிறேன் என்றாலும் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குத்தான் அதிகம்.


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்) | திங்கள், இரவு 10.25

உங்கள் சந்தேகம் நியாயமானது. சிரியாவில் வறட்சி வந்தது உண்மை. அதே வறட்சி ஜோர்டானிலும் துருக்கியின் தெற்கிலும் அடித்தது. அங்கே ஆட்சியை எதிர்த்துப் போர் மூளவில்லை. சிரியாவில் வறட்சிக்கு முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. கோதுமையும் பருத்தியும் விளைவிக்க அரசே ஊக்கம் கொடுத்தது, ஆளாளுக்குக் கிணறு வெட்டினார்கள், நிலத்தடி நீர் கீழே கீழே போனது. 2008இல் டீசல் மானியத்தை வெட்டியதும் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. தண்ணீர் ஆழத்துக்குப் போன நேரத்தில் பம்ப் ஓட்டுகிற எண்ணெயும் கைக்கு எட்டாமல் போனது. இதற்கு நடுவே ஈராக்கிலிருந்து வந்த அகதிகள் லட்சக்கணக்கில். தாராவில் கலகத்தைக் கிளப்பியதோ, சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய பள்ளிப் பையன்களைப் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தது.

வறட்சியால் இடம்பெயர்ந்தவர்கள் 15 லட்சம் என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அதுதான் உலகமெங்கும் பரவியது. 2017இல் வேறு சில ஆய்வாளர்கள் அந்த எண்ணைத் துருவிப் பார்த்து, 40,000 முதல் 60,000 குடும்பங்கள் என்று சொல்வதுதான் ஆதாரத்துக்கு அருகில் வருகிறது என்றார்கள். குடும்பத்துக்கு ஆறு பேர் என்று வைத்துப் பெருக்கினாலும் 15 லட்சம் வராது.

மகளிடம் 17ஆம் நூற்றாண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் இந்தத் தலைப்புக்குத் தங்கச் சுரங்கம். பூமியின் பல பகுதிகளில் குளிர் கூடிய காலம். ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர். சீனாவில் 1630களின் கடைசியில் தொடங்கிய வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய். 1644இல் மிங் ஆட்சி விழுந்தது. பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்குப் போட்டுக்கொண்டார். தலைநகரைப் பிடித்த லீ ஸிச்செங் யார் தெரியுமா? அரசாங்க அஞ்சல் சேவையில் வேலை பார்த்தவர். செலவைக் குறைக்கிறோம் என்று அரசு அஞ்சல் நிலையங்களை மூடியது, ஆளுக்கு வேலை போனது, அந்த ஆள் கலகக்காரர் ஆனார். வானம் பொய்த்த நேரம் பார்த்துச் சம்பளத்தையும் நிறுத்தியவர்களை என்ன சொல்வது.

அதே குளிர் ஜப்பானையும் தாக்கியது. 1637இல் ஷிமாபாராவில் வரிக்கொடுமையும் பசியும் சேர்ந்து பெரிய கிளர்ச்சி. அதை ரத்தத்தில் அடக்கினார்கள், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து 1640களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தபோது ஷோகுன் (நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்) அரசு அரிசியை மதுவாக்குவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 1643இல் விவசாயி நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்று தடை போட்டது. அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அங்கே பெரும்போர் இல்லை. ஒரே வானம், சீனாவில் ஒரு முடிவு, ஜப்பானில் இன்னொன்று.


கோப்பிக்கடை குமரன் (ஈப்போ) | திங்கள், இரவு 10.41

ஆக, மழை மேல் பழி போட்டால் எல்லா அரசியல்வாதிக்கும் வசதி. மழை வந்து மறுப்பு அறிக்கை விடப்போவதில்லை.


எண்கணக்கு (கெளுகோர், பினாங்கு) | திங்கள், இரவு 11.18

குமரன் அண்ணன் கிண்டலாகச் சொன்னது சூடானின் டார்பூரில் அப்படியே நடந்தது. 2007இல் ஐநா தலைமைச் செயலாளர் பான் கி மூன், டார்பூர்ச் சண்டை சுற்றுச்சூழல் நெருக்கடியாகத் தொடங்கியது என்று எழுதினார். அங்கே மழை சரிந்தது 1970, 80களில். போர் தொடங்கியது 2003இல். இடைப்பட்ட காலத்தில் மழை ஓரளவு மீண்டும் வந்திருந்தது. கிராமங்களை எரித்த ஜஞ்சாவீட் படைக்கு ஆயுதம் கொடுத்தது கார்ட்டூம் அரசு. மேய்ச்சல்காரர்களுக்கும் உழவர்களுக்கும் நிலத் தகராறு இருந்தது நிஜம்தான். ஆனால் தகராறுக்கும் இனப்படுகொலைக்கும் நடுவே ஓர் அரசாங்கம் நிற்கிறதே!

அதற்காக வாத்தியார் ஐயா சொல்வதை முழுக்க ஏற்கவும் முடியவில்லை. 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. வெப்பமும் மழையும் வழக்கத்திலிருந்து ஒரு திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்று சொல்லும் புள்ளியியல் அளவு) அளவுக்கு விலகும்போது குழுக்களுக்கு இடையிலான மோதல் சுமார் 14 விழுக்காடு கூடுகிறது என்றது. அதை மறுத்து அடுத்த ஆண்டே இன்னொரு குழு எழுதியது. கடைசியில் 2019இல் இரண்டு பக்கத்து ஆட்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். கடந்த நூற்றாண்டின் உள்நாட்டு ஆயுத மோதல்களில் 3 முதல் 20 விழுக்காடு வரைதான் பருவநிலையின் பாதிப்பு இருந்திருக்கும், வறுமையும் கையாலாகாத அரசும் அதைவிடப் பெரிய காரணங்கள், ஆனால் வெப்பம் கூடக்கூட இந்தப் பங்கு ஏறும் என்று ஓரளவு ஒத்துப்போனார்கள். மூன்று என்றாலும் அது சைபர் இல்லை, ஐயா. அந்த மூன்றுக்குள் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

தலைகீழ் உதாரணமும் ஒன்று. கென்யாவின் வடக்கில் மர்சாபிட் பகுதியில் மாடு கொள்ளையடிக்கும் மோதல்களைக் கணக்கெடுத்தபோது, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில்தான் கொலை அதிகம். புல் உயரமாக நிற்கும், ஒளிந்து போகலாம், ஓட்டி வருகிற மாடும் தெம்பாக நடக்கும். வறண்ட ஆண்டில் பகையாளியிடம்தான் கிணற்றுக்குப் போயாக வேண்டும், அதனால் சமாதானம். செங்கிஸ்கான் கதையும் இதே வகை. மங்கோலியாவில் மர வளையங்களைப் பார்த்ததில் 1211 முதல் 1225 வரை அசாதாரணமான ஈரக் காலம். புல் செழித்தது, குதிரை பெருகியது, உலகத்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.


செந்தூல் வாத்தியார் | செவ்வாய், காலை 6.50

தம்பி, நானும் சைபர் என்று சொல்லவில்லை. திட்டவிலக்கத்தை வைத்து மிங் அரசரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்கிறேன், அவ்வளவுதான். குதிரைக் கதை அருமை. எடுத்து வைத்துக்கொள்கிறேன்.


மூடாக்கரை (பட்டர்வொர்த்) | செவ்வாய், மதியம் 1.15

உலகம் சுற்றியது போதும், சுங்கை மூடாவுக்கு வருவோம். தண்ணீர் விநியோக வேலையில் ரொம்ப காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

பினாங்கின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கடலுக்கு அடியில் போகிற குழாய் வழியாகத் தீவுக்கு. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளைப் பார்த்துவிட்டு நம்மிடம் நிறைய இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அவை அவசரக் கையிருப்பு. ஆறு ஓடாவிட்டால் அணை ரொம்ப நாள் தாங்காது.

அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். மேலே மூடா அணை. அதில் சேரும் தண்ணீர் நேராக நம் பக்கம் வருவதில்லை; சுரங்க வழியாகப் பெடு அணைக்குப் போய், அங்கிருந்து சமவெளி வயலுக்குப் போகிறது. 1970 வாக்கில் உலக வங்கிக் கடனில் வந்த பாசனத் திட்டம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர், வருஷத்துக்கு இரண்டு போகம். நாம் சாப்பிடுகிற உள்ளூர் அரிசியில் பெரும்பங்கு அந்த வயலில் விளைந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி ஓட்டத்தைச் சீராக வைக்கச் சீக் பக்கம் பெரிஸ் அணையும் கட்டினார்கள். ஆகவே வறண்ட மாதத்தில் மேலே இருப்பவர் மதகைத் திறப்பதா, வயலுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வருகிறது. நெல்லா, பிறை தொழிற்பேட்டையா, உங்கள் வீட்டுக் குழாயா?

அரசியல் சண்டை இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. கெடா அரசு, காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு ஈடாக வருஷத்துக்கு 5 கோடி ரிங்கிட் கேட்டது. பினாங்கு, ஆறு எல்லையாக ஓடுகிறது, எங்கள் கரையில் எங்கள் தண்ணீரை எடுக்கிறோம், ஒரு சென்னும் தரமாட்டோம் என்றது. அதற்குப் பிறகு பேச்சு 1786க்குப் போய்விடும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த பிரான்சிஸ் லைட் தீவை வாங்கினாரா, குத்தகைக்கு எடுத்தாரா என்று. ரொம்ப காலம் வருஷா வருஷம் கெடாவுக்கு 10,018 ரிங்கிட் 80 சென் போய்க்கொண்டிருந்தது. அந்த 80 சென்னை எந்தக் குமாஸ்தா எழுதினாரோ, அத்தனை வருஷம் தப்பாமல் நின்றது! பணம் எவ்வளவு என்று இரண்டு நூற்றாண்டாக எழுதி வைத்திருக்கிறோம். ஆற்றில் ஓட்டம் பாதியானால் நெல்லுக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு என்று பேச ஆளில்லை.

பேராக் ஆற்று நீரைப் பினாங்குக்குக் கொண்டுவரும் திட்டம் ரொம்ப காலமாகப் பேச்சில் இருக்கிறது. வந்தாலும் அங்கேயும் இதே கேள்விதான் காத்திருக்கும்.


கோப்பிக்கடை குமரன் | செவ்வாய், மதியம் 1.32

பேராக்காரன் சார்பில் சொல்கிறேன்: ஒரு லாரிக்கு ஒரு தட்டு ஈப்போ கோழிச்சோறு.


மணிமாலா (சுங்கைப் பட்டாணி, கெடா) | செவ்வாய், மாலை 5.05

மூடாக்கரை அண்ணே, பினாங்குக்காரர்கள் எல்லாரும் பேசிவிட்டீர்கள், கெடாக்காரி ஒருத்தி பேசட்டும். மரம் வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம். வெட்டாதே என்கிறீர்கள். சரி, வெட்டவில்லை. அந்த நஷ்டம் யாருடையது? கீழே இருப்பவர்கள் தண்ணீரை விற்றுத் தொழிற்பேட்டை நடத்தலாம், மேலே இருப்பவர்கள் புலிக்குக் காவல் இருக்க வேண்டுமா? 5 கோடி என்ற எண் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. கேள்வி நியாயமானது.

இப்போது தலைப்புக்கு. சிரியா, சீனா என்று போகிறீர்கள். நாம் ஏன் மலாயாவில் இருக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் பாட்டி காலம்வரை தாது வருஷப் பஞ்சம் என்று ஒரு பேச்சு உண்டு. 1876இல் பருவமழை பொய்த்தது, அடுத்த வருஷமும் சரியில்லை. இன்றைக்கு அது வலுவான எல் நினோ என்று தெரிகிறது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் தக்காணம் எல்லாம் காய்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 55 லட்சம் பேர் செத்தார்கள் என்று ஒரு கணக்கு. சமஸ்தானங்களையும் சேர்த்தால் இன்னும் மேலே போகிறது.

1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடத்தினார் வைஸ்ராய் லிட்டன். பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது கொள்கை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று வெட்டியவர் ரிச்சர்ட் டெம்பிள். நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு அது அரைகிலோகூட இல்லை.

இதே டெம்பிள்தான் 1873, 74இல் பீகாரில் மழை பொய்த்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொட்டியவர். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்காக அவரை மேலிடம் பாராட்டவில்லை, காசை வாரி இறைத்துவிட்டாய் என்று திட்டு. அடுத்த தடவை சென்னைக்கு வரும்போது ஆள் மாறியிருந்தார். பிறைக்காரர் மகள் எழுத வேண்டியது இதைத்தான். மூன்று வருஷ இடைவெளி, அதே அதிகாரி, அதே சாம்ராஜ்யம். பீகாரில் பிழைத்தார்கள், சென்னையில் செத்தார்கள்.

அங்கங்கே தானியக் கடையை உடைத்தார்கள், வண்டியைக் கொள்ளையடித்தார்கள். பெரிய போர் வரவில்லை. எலும்பும் தோலுமாய் இருப்பவன் எங்கே போர் செய்வான்? தோட்டத்துக்குக் கூலியாள் பிடிக்கிற கங்காணி வந்தான், நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினான், இலங்கைக்கும் பினாங்குக்கும் கொண்டுபோனான். வெளியே அமைதி என்று பதிவாகியிருக்கும். அந்த அமைதியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எண்கணக்குத் தம்பி சொல்லட்டும்.


எண்கணக்கு | செவ்வாய், இரவு 8.30

மணிமாலா அக்கா, எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் பதில். மோதல் தரவுத்தளங்களில் சாதாரணமாக இரண்டு பக்கமும் ஆயுதம் இருந்து, வருஷத்துக்கு 25 பேராவது சண்டையில் செத்தால்தான் வரிசையில் ஏறும். பசியில் செத்தவர்களுக்கு அதில் இடமில்லை. இன்னொரு குறையும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே சண்டை நடக்கிற நாட்டை, அதிலும் ஆங்கிலம் பேசுகிற முன்னாள் பிரிட்டிஷ் காலனிகளைத் தேடிப் போகிறார்கள் என்று 2018இல் ஒரு கட்டுரை காட்டியது. வறட்சி வந்தும் சண்டை வராத ஊரை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.


யாழ்ப்பாணத்துப் பேரன் (பிரிக்பீல்ட்ஸ்) | செவ்வாய், இரவு 9.12

இயற்கைப் பேரிடர் ஒன்று இரண்டு இடத்தில் இரண்டு விதமாக முடிந்ததற்கு நம் கண் முன்னால் நடந்த சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி.

இந்தோனேசியாவின் அச்சேயில் முப்பது வருஷமாக விடுதலைப் போர். அலை அடித்துப் போன பிறகு, 2005 ஜனவரியிலேயே பேச்சு தொடங்கி, ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் கையெழுத்து. ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள், ஜகார்த்தா படையை விலக்கியது. இலங்கையிலும் அதே அலை. உதவியைப் பகிர அரசும் புலிகளும் சேர்ந்து ஒரு பொது அமைப்பு ஏற்படுத்த 2005 ஜூனில் கையெழுத்தானது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. நவம்பரில் தேர்தல், அடுத்த ஆண்டு மறுபடியும் போர். அதற்குப் பிறகு 2009. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.


பிறைக்காரன் | செவ்வாய், இரவு 9.30

ஆனால் சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, பருவநிலை இல்லையே? ஆசிரியை இதைக் கேட்டால் மகள் என்ன சொல்வாள்?


யாழ்ப்பாணத்துப் பேரன் | செவ்வாய், இரவு 9.44

அப்படியானால் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 நவம்பர் 12, கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல். குறைந்தபட்சக் கணக்கே 3 லட்சம் சாவு. மேற்கிலிருந்த ராணுவ அரசு நிவாரணத்தில் மெத்தனம் காட்டியது. அடுத்த மாதம் தேர்தல். கிழக்கில் இருந்த 162 தொகுதியில் அவாமி லீக் 160ஐ வாரியது. முடிவை ஏற்காமல் 1971 மார்ச்சில் ராணுவத்தை ஏவினார்கள். டிசம்பரில் வங்காளதேசம் பிறந்தது. மொழிப் பிரச்சினையும் சுரண்டலும் 1950களிலிருந்தே இருந்தன, புயல் வந்து எல்லாருக்கும் ஒரே நாளில் காட்டிக்கொடுத்தது. பர்மாவில் 2008 மே மாதம் நர்கிஸ் புயல், லட்சத்துக்கு மேல் சாவு. ராணுவ ஆட்சி அதே மாதத்தில் தன் அரசியல் சாசன வாக்கெடுப்பையும் நடத்தி முடித்தது. ஆட்சி அசையவில்லை.


ஜொகூர்பாரு சேகர் | புதன், காலை 8.05

அமைதிப் பக்கத்துக்கு எங்கள் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. விலை அநியாயம் என்று நாங்கள் கத்துவோம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அவர்கள் சொல்வார்கள். மகாதீர் காலத்தில் பேச்சு முறிந்ததெல்லாம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 1965 பிரிவினை ஒப்பந்தத்திலேயே இதற்கு உத்தரவாதம் எழுதி, ஐநாவிலும் பதிவு செய்து வைத்தார்கள். 2016 அக்டோபரில் ஜொகூர் ஆற்றுக்குத் தண்ணீர் விடுகிற லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. குழாயை யாரும் மூடவில்லை. அதே நேரத்தில் சிங்கப்பூர் சும்மா உட்காரவில்லை; கழிவுநீரைச் சுத்திகரித்தது, கடல்நீரைக் குடிநீராக்கியது. தண்ணீருக்காக நாடுகள் முறைப்படி போர் செய்த கடைசி வழக்கு சுமேரியாவில் லகாஷும் உம்மாவும் 4,500 வருஷத்துக்கு முன் மோதியது என்று ஆறுகளை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். நாடுகளுக்கு இடையே என்றால் ஒப்பந்தம் போட்டால் தீர்ந்தது.


கோப்பிக்கடை குமரன் | புதன், காலை 8.40

காவிரிக்கு 1924இலேயே ஒப்பந்தம் போட்டாச்சு, சேகர். 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழன் வீட்டை எரித்தார்கள். 2016 செப்டம்பரில் பேருந்தை எரித்தார்கள். தீர்ந்ததா?


மூடாக்கரை | புதன், காலை 11.20

குமரன் சொல்வதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் காவிரியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1924 ஒப்பந்தம் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும். ஐம்பது வருஷத்தில் அதன் சில பகுதிகள் முடிந்தன, புதிதாக ஒன்று வரவில்லை. 1990இல் நடுவர் மன்றம், 1991 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு: வருஷத்துக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) விடு. 2007இல் இறுதித் தீர்ப்பில் அது எல்லையில் 192 டிஎம்சி ஆனது. 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. எண்கள் எல்லாம் சாதாரண வருஷத்துக்கு. சாதாரண வருஷத்தில் சண்டையே இல்லை, மேட்டூர் நிரம்பி வழியும், எல்லாரும் அண்ணன் தம்பி. மழை குறைந்தால் அந்த விகிதத்தில் எல்லாரும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று 2007 தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. எந்த மாதத்தில், எந்த அணையின் அளவை வைத்து, யார் கணக்குப் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு பஞ்ச வருஷமும் சிக்கியது. 2012, 2016 இரண்டும் பருவமழை காலை வாரிய வருஷங்கள். அந்த நேரத்தில் நீதிமன்றம் இத்தனை கன அடி விடு என்று ஆணை போடும், தெருவில் டயர் எரியும். 2018இல் மேலாண்மை ஆணையம் அமைத்த பிறகு சண்டை ஓரளவு கூட்டத்துக்குள் வந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை.

சிந்து நதி ஒப்பந்தம் 1960இல் போட்டது வேறு மாதிரி. தண்ணீரைப் பங்கிடாமல் ஆற்றையே பங்கிட்டார்கள், மூன்று உனக்கு, மூன்று எனக்கு. 1965, 1971, 1999 என்று மூன்று சண்டையிலும் அது அறுந்துபோகவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அதை நிறுத்தி வைத்தது. அதுவும் வறட்சியால் வந்த முடிவு இல்லை பாருங்கள்.

பருவநிலை மாற்றம் எனக்கு எங்கே பயம் தருகிறது என்றால், பழைய மழைப் புள்ளிவிவரத்தை வைத்து எழுதிய ஒப்பந்தங்கள் எல்லாம் அந்த மழை வரும் என்று நம்பி எழுதியவை. சராசரி என்ற சொல்லே ஆட்டம் கண்டால் 177.25க்கு என்ன மரியாதை? பஞ்ச வருஷக் கணக்கை நல்ல வருஷத்தில் எழுத வேண்டும். நல்ல வருஷத்தில் மாநில அரசின் தலைவரான எந்த மந்திரி பெசாருக்கும் அதில் அக்கறை இருக்காது. ஓட்டு வராது.


மட்டுநர் | புதன், மதியம் 12.00

காவிரித் தீர்ப்பில் யார் பக்கம் நியாயம் என்ற நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு இருங்கள்.


மளிகைக்கடை மாமா (பாகான் டாலாம்) | புதன், இரவு 10.15

எனக்கு ஆறு, அணை எல்லாம் தெரியாது. அரிசி தெரியும். 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. எல் நினோ வரப்போகிறது, உள்ளூரில் விலை ஏறக்கூடாது, அவர்களுக்குத் தேர்தல் வேறு. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்குப் போனது. உள்ளூர் அரிசிக்கு அரசாங்கம் கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்று கட்டிப்போட்டிருந்தது. என்ன நடக்கும்? உள்ளூர் அரிசி கடையிலிருந்து மாயமானது. எல்லாரும் இறக்குமதியை விட்டுவிட்டு அதைத் தேடினார்கள், வியாபாரியில் சிலர் பையை மாற்றினார்கள், அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். என் கடையில் ஆளுக்கு ஒரு பை என்று எழுதி ஒட்டினேன். முப்பது வருஷம் பழகிய வாடிக்கையாளர்கூட என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பொன்னி பிரியர்கள் தனிப் புலம்பல். அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன் தருகிறோம் என்று இந்தியா சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது நம் வயல் எதுவும் காயவில்லை. யாரோ பயந்தார்கள், பயம் கப்பலேறி இங்கே வந்தது. சண்டை வருவதற்கு மழை நம் ஊரில்தான் பொய்க்க வேண்டும் என்று இல்லை.


எண்கணக்கு | புதன், இரவு 10.50

மாமா சொன்னது 2010இலும் நடந்தது. ரஷ்யாவில் கடும் வெப்பம், கோதுமை போச்சு, ஆகஸ்டில் ஏற்றுமதித் தடை. உலகச் சந்தையில் விலை ஏறியது. அதிகமாகக் கோதுமை வாங்குகிற நாடுகளில் எகிப்து முதல் வரிசை. 2011 ஜனவரியில் கெய்ரோவில் கூடியவர்கள் போட்ட கோஷத்தில் முதலில் வந்தது ரொட்டி, அப்புறம்தான் சுதந்திரம். ஆனால் அதே விலையைக் கொடுத்து வாங்கிய நாடுகள் எத்தனையோ, அங்கெல்லாம் ஆட்சி கவிழவில்லை என்று வாத்தியார் ஐயா இப்போது எழுதுவார் பாருங்கள்.


செந்தூல் வாத்தியார் | வியாழன், காலை 6.35

எழுத இருந்தேன், முந்திக்கொண்டாய். அதற்குப் பதில் வேறு ஒன்று. 2021 டிசம்பரில் பருவநிலையை ஐநா பாதுகாப்பு மன்றத்தின் வேலையில் சேர்க்கும் தீர்மானம் வந்தபோது ரஷ்யா ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது, சீனா ஒதுங்கியது. இந்தியா சொன்ன காரணத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன்: இது வளர்ச்சிப் பிரச்சினை, இதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று பெயர் மாற்றினால் கரியைக் கக்கிய பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டிய காசைப் பற்றிப் பேசாமல் ஏழை நாட்டுக்குள் மூக்கை நுழைக்கும். மகள் கட்டுரையில் இதையும் ஒரு பத்தி எழுதலாம். ஆசிரியைக்குப் பிடிக்குமா என்பது அவள் தலையெழுத்து.


பிறைக்காரன் | வியாழன், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. மகள் இழை முழுவதையும் படித்தாள். சிரியாவை ஒரு பத்திக்குச் சுருக்கிவிட்டு, பீகாரையும் சென்னையையும் நடுவில் வைத்து எழுதுகிறாள். மணிமாலா அக்கா, உங்கள் பாட்டி சொன்னதை எழுதலாமா என்று கேட்கச் சொன்னாள், பெயர் போடமாட்டாள்.

மூடாக்கரை அண்ணனுக்கு ஒரு கேள்வி. சுங்கை மூடா ஓட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா, இல்லை அரசாங்க ரகசியமா?


மணிமாலா | வியாழன், இரவு 9.41

தாராளமாக எழுதட்டும். பாட்டி இருந்திருந்தால் பெயரும் போடச் சொல்லியிருப்பார்.


மூடாக்கரை | வியாழன், இரவு 10.02

ரகசியம் ஒன்றுமில்லை. வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வெள்ள எச்சரிக்கை இணையப் பக்கத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆற்று நிலையங்களின் நீர்மட்டம் வரும். கெடா, பினாங்கு இரண்டையும் திறந்து வைத்துப் பாருங்கள். வெள்ளத்துக்காகச் செய்த பக்கம் என்பதால் மட்டம் ஏறினால் மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். இறங்குவதற்கு நிறம் கிடையாது, எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.